பாசித் தொட்டியை விட்டுவிட்டுக் கப்பலேறிய மகனுக்கு

ஜெரால்டு,

நாங்கள் சுகம், நீ சுகமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் சுகமாக இல்லை, உன் பெண்டாட்டி சுகமாக இல்லை, நீ முன் அறையில் வைத்துவிட்டுப் போன உப்புத் தண்ணீர் மீன் தொட்டியும் இத்தனை மாதம் சுகமாக இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவர்கள் முதலில் அந்தத் தொட்டியைப் பார்த்தார்கள், அடுத்து என்னைப் பார்த்தார்கள். இந்த லட்சணத்தில் முந்தாநாள் உன்னிடமிருந்து செய்தி வருகிறது. "நைனா, இன்னும் நாலு மாசம் எக்ஸ்டென்ஷன் கேக்குறாங்க. சனிக்கெழமைக்குள்ள கையெழுத்து போடணும். போட்டுடலாம்னு கீறேன். தொட்டிய யாருக்காவது குட்த்துடு." இவ்வளவுதான். கல்யாணமாகி நாற்பது நாளில் கப்பலேறியவன், அடுத்த மாதம் இறங்க வேண்டியவன், கட்டினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பனுக்கு மூன்று வரி அனுப்புகிறாய். அதை அவளிடம் போய்ச் சொல்கிற வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சிக்னல் இல்ல நைனா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படி.

கல்யாணம் முடிந்த வாரமே நீ வளர்ப்பு மீன் விற்கிற கொளத்தூருக்குப் போய் அந்தக் கண்ணாடித் தொட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாய். அப்போதே கேட்டேன். "தெருக்கோடில போய் நின்னா மொத்தக் கடலும் தெரியுது. அத்த வுட்டுட்டு டப்பாவுக்குள்ள கடலு இன்னாத்துக்குடா?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "கௌரிக்குப் பேச்சுத் துணை நைனா." நல்ல துணை பார்த்தாய். வெள்ளை மணல், நாலு பாறை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன், பொத்தான் பொத்தானாக விரிகிற ஒரு பவளம், கூடவே வாயைத் திறக்காத ஒரு மாமனார். புதுப் பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன். அவள் கோயிலுக்குப் போகிறவள், நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. என் மூக்கு சுருங்கியது அவள் கத்திவாக்கத்துக்காரி என்பதால். அவள் அப்பா எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். கொஞ்ச காலம் குட்டை கட்டி இறால் வளர்த்தவர். நானோ துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் டக் போட்டில் இருந்தவன். மலை மாதிரி வருகிற கப்பலுக்குக் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தவன். கழிமுகத்துச் சேற்றில் நிற்கிறவர்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு திமிர். எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் இருந்தது இருந்ததுதான்.

நீ கப்பலேறிய வாரமே தொட்டியில் பழுப்பு ஏறியது. மணல் மேல் சுக்குப் பொடியைத் தூவிவிட்ட மாதிரி, பாறை மேல், கண்ணாடி மேல், எங்கே பார்த்தாலும் பழுப்பு. என் தொழில் உனக்குத் தெரியும். டக்கை மேட்டில் ஏற்றினால் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியுமாக அப்பியிருக்கும். நாங்கள் வரிசையாக நின்று சுரண்டுவோம். இரும்பு தெரிகிற வரை சுரண்டுவோம், பிறகு பெயின்ட் அடிப்போம். தண்ணீருக்குள் ஒட்டி வளருகிற எதுவும் எங்களுக்கு எதிரி, இது நல்லது அது கெட்டது என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அதே கையோடு பட்டி பார்க்கிற தகட்டை எடுத்துக்கொண்டு உன் தொட்டிக்குள் இறங்கினேன். காலையில் சுரண்டினால் மறுநாள் காலையில் திரும்ப நிற்கும். கௌரி அடுப்படியிலிருந்து வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள், "மாமா, புதுத் தண்ணி, புது மணலுன்னா மொதல்ல இப்டித்தான் வரும். எங்கப்பா குட்டைலயும் வந்துச்சி. நாலு வாரம் வுட்டா தானா பூடும்." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குட்டையும் கடலும் ஒண்ணாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். நீ ஒரு வாளி நிறைய உப்புப் பொடி வைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை மாற்று என்று சொல்லியிருந்தாய் அல்லவா? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் கடையில் உப்பு வாங்கிக் கடல் தண்ணீர் தயாரிப்பதா என்று எனக்கு ஒரே எரிச்சல். காசிமேட்டில் போட் ஓட்டுகிற ஏசுபாதத்திடம் நாலு கேனைக் கொடுத்து, ஆழ்கடலில் மொண்டு வா என்றேன். கொண்டுவந்தான். ஊற்றினேன். பத்தே நாளில் பாறையெல்லாம் பச்சை மயிர் முளைத்துவிட்டது. விரல் நீளத்துக்குச் சடை சடையாகத் தொங்கி அலைந்தது. பவளம் அதற்குள் மூச்சு முட்டிப் போய் மூடிக்கொண்டது. ஏசுபாதத்தைக் கூப்பிட்டு விசாரித்தால் அவன் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறான், "இன்னா மச்சான் நீ, ஆழ்கடல்ல வலை இழுக்குறதா, உன் கேனைப் புடிச்சிகினு நிக்கிறதா? வர்றப்போ ஆர்பர் வாய்ல மொண்டேன். எல்லாம் ஒரே கடலு தானே." மீன் கழுவின தண்ணீரும் ஐஸ் உருகின தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேருகிற இடம் அது. அத்தனையும் பாசிக்குப் பிரியாணி. அதை வாளி வாளியாக ஊற்றினவன் உன் அப்பன்தான்.

இனி நான் சொல்லப் போவதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌரி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைக் காலி செய்தேன். மீன் இரண்டையும் பவளத்தையும் ஒரு வாளியில் விட்டேன். மணலை அள்ளி, பாறைகளைத் தூக்கி, குழாயடியில் வைத்து ப்ரஷ் போட்டுத் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரில் அன்றைக்கு பிளீச்சிங் வாசனை தூக்கலாக இருந்தது, சுத்தத்துக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். பாறையெல்லாம் பல் மாதிரி வெளுத்தன. கேனில் மிச்சமிருந்த கடல் தண்ணீரால் தொட்டியை நிரப்பி, மீனையும் பவளத்தையும் விட்டு, நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து என் வேலையை நானே ரசித்தேன். சாயங்காலம் கௌரி வந்து பார்த்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "பாறைய கொழாத் தண்ணிலயா கழுவுனீங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பாறையிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் ஊறி இருக்குமாம், மீன் போடுகிற அசுத்தத்தை அவைதான் தின்று தீர்க்குமாம். நான் அத்தனையையும் தேய்த்துக் கொன்றுவிட்டேன். அவள் இரண்டு நாள் தொட்டியை விட்டு நகரவில்லை. நான் கிண்டல் செய்த உப்புப் பொடியைக் கலந்து கலந்து தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தாள். சின்ன மீன் பிழைத்தது. பெரியது மூன்றாம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

அன்றைக்குத்தான் நீ வீடியோவில் கூப்பிட்டாய். பெரிய மீனைக் காணோமே என்றாய். "உன் பொண்டாட்டி தீனிய அள்ளி அள்ளிப் போட்டுட்டா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை ஜெரால்டு, வாயிலிருந்து தானாக வந்தது. தன் மேல் தப்பு என்றால் அடுத்தவரைக் கை காட்டுவது முப்பத்து நாலு வருஷ டக் வேலையில் படிந்துபோன பழக்கம். நீ போனை அவளிடம் கொடுக்கச் சொன்னாய். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. "சரி. சரி. இனிமே பாத்துப் போடுறேன்." நான் செய்ததை அவள் உன்னிடம் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சு சுருங்கியது. சாப்டியா, சாப்டேன், வெச்சிடறேன். பக்கத்து அறையில் இருக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துக்கொள்: அந்த மீனைக் கொன்றது நான். நீ திட்டியது ஒரு பாவமும் அறியாதவளை.

பொய் சொன்னவனுக்குத் தண்டனையாகவோ என்னவோ, அடுத்த மாதத்தில் பழுப்பும் பச்சையும் திரும்ப ஏறி, அவளிடமே பாடம் படிக்க வேண்டி வந்தது. அவள் முதலில் சொன்னது, "எது இன்னான்னு தெரியாம உள்ள கைய வெக்காதீங்க மாமா." ஒரு கிண்ணத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு என் விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னாள். பழுப்பு, தொட்டால் பொடியாகப் பறக்கும், அதை அப்படியே விட்டால் புது மணலில் இருக்கிற சத்து தீர்ந்ததும் அதுவே போகும். பச்சை, நூல் நூலாகப் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைக் கீரை ஆய்கிற மாதிரி கையால்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போதே பக்கத்தில் ட்யூபைப் பிடித்து உறிஞ்சி வெளியே விட வேண்டும், துண்டு மிதந்து போனால் போன இடத்தில் முளைக்கும். பச்சை அடங்கியதும் ஒரு மூலையில் சிவப்பாக ஒன்று கிளம்பியது. பால் ஆடை மாதிரி படலமாக மூடி, மேலே குமிழ் குமிழாக நிற்கும், நாற்றம் வேறு. தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற மூலையில்தான் அது பிடிக்குமாம். பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். நான் காலை ஜெபத்தில் தொட்டி விளக்கைப் போட்டால் சீரியல் முடிகிற வரை எரியவிடுவேன், பார்க்க அழகாக இருக்கிறதே என்று. அதை ஏழு மணி நேரமாக்கிவிட்டாள். தீனி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. ஆவியாகிற தண்ணீருக்கு டோல்கேட் பக்கத்திலிருந்து வருகிற ஃபில்டர் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கொளத்தூரிலிருந்து பத்து நத்தை வாங்கி வந்து விட்டாள். இந்த வீட்டில் ஒரு புகாரும் சொல்லாமல் வேலை செய்கிற ஆண் பிள்ளைகள் அவைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பாறையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்ததால் எனக்குக் கை துறுதுறுத்தது, தகட்டை எடுத்துவிட்டேன். கௌரி ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "அத்த மட்டும் வுட்ருங்க மாமா. அது நல்ல பாசி. அது வந்தா தொட்டி நெலைக்கப் போவுதுன்னு அர்த்தம்." சிவப்புப் படலம் மறுபடி தலைகாட்டியபோது தொட்டியை இருட்டில் வைக்க வேண்டும் என்று உன் அம்மாவின் பழைய ஊதாப் புடவையை எடுத்து மூன்று நாள் மூடிவைத்தாள். எதிர்வீட்டு ஃபிலோ எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, சர்ச்சுல சுரூபத்துக்கு ஊதாத் துணி போட்டு மூடுற மாதிரி மூடிக்கீறீங்க, அதுக்குள்ளாற தவக்காலமா?" என்று கேட்டாள். கௌரி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றையிலிருந்துதான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

இப்போது உன் எக்ஸ்டென்ஷனுக்கு வருகிறேன். கம்பெனி கேட்டது, அவன் சரி என்றான் என்று நினைத்துக்கொள்ள நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவனில்லை. கடலுக்கு ஓடுகிறவனை எனக்குத் தெரியும், நான் அப்படி ஓடினவன். உன் அம்மாவோடு ஒரு சண்டை வந்தால் அடுத்த நாள் நானாகப் போய் டபுள் ஷிஃப்ட் கேட்டு வாங்குவேன். டக்கில் எல்லாம் சுலபம். கப்பல் வரும், கயிறு போடுவோம், இழுப்போம், கட்டுவோம், முடிந்தது. வீட்டில் எதுவும் முடியாது. நீ முதல் நற்கருணை வாங்கின அன்று சர்ச்சுக்கு வராமல், கப்பல் வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, கப்பலுக்கு வேறு ஆள் இருந்தான். முந்தின நாள் உன் அம்மாவிடம் பேசின பேச்சுக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாலு நாள் கழித்து ஒரு புடவையும் பிரியாணிப் பொட்டலமுமாக வந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். "நீ வந்தா இங்க திருவிழா மாதிரி கீது. மிச்ச நாளு நான்தானே இந்த வூட்ல இருக்கேன்." அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இனி யாரிடம் சொல்வது?

நீயும் அதைத்தான் செய்யப் பார்க்கிறாய். நாலு மாதம் கழித்துப் பெட்டி நிறைய சென்ட்டும் சாக்லேட்டுமாக இறங்கி, ஒரே நாளில் எல்லாவற்றையும் தேய்த்துப் புதுசாக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாய். நான் தேய்த்துக் காட்டிவிட்டேனே, என்ன ஆனது? கௌரி ஒரு நாளும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தினமும் கால் மணி நேரம் ஒரு பழைய டூத் ப்ரஷ்ஷோடு உட்காருவாள், அவ்வளவுதான். இன்றைக்குப் பவளம் விரிந்திருக்கிறது. நீ அவளிடம் தினமும் கால் மணி நேரம் ஒழுங்காகப் பேசியிருந்தால் நான் சொன்ன பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளிடம் "நெசமா நீதானா?" என்று ஒரு வார்த்தை நீ கேட்டாயா? எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் மேல் வர வேண்டியதும் அதில் சேர்ந்திருக்கும், போகட்டும்.

இந்தக் கடிதத்தை நேற்றே எழுதி முடித்து, மடிக்காமல் தொட்டியின் மூடி மேல் விரித்து வைத்தேன். வேண்டுமென்றேதான். நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. காலையில் பார்த்தேன், படித்திருக்கிறாள். மூன்று நாள் மூடிவைத்தாள் என்று எழுதியிருக்கிறேனே, அதன் மேல் பென்சிலால் "நாலு நாள்" என்று திருத்தியிருக்கிறாள். என் பொய்யைப் பற்றி ஓரத்தில்கூட ஒன்றும் எழுதவில்லை. காபி கொடுக்கும்போது, "சக்கர போதுமா மாமா?" என்று கேட்டாள். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பப் பேனாவை எடுத்தேன். கீழே இந்த ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன்.

நீ கப்பலேறின அன்று தொட்டியின் பக்கக் கண்ணாடியில், வெளிப்புறமாக, மார்க்கரால் நீ இறங்குகிற தேதியை அவள் எழுதிவைத்தாள். உனக்குத் தெரியாது, எனக்கே பின்னால்தான் புரிந்தது. உள்பக்கம் பாசி ஏறினால் எண் மங்கிவிடும் என்று வேறு எந்த இடத்தைத் துடைக்கிறாளோ இல்லையோ, அந்த உள்ளங்கை அகலத்தைத் தினமும் முதலில் துடைப்பாள். உன் செய்தியை நான் சொன்ன மறுநாள் ஈரத்துணியோடு அதன் எதிரில் நின்றுகொண்டு கேட்டாள், "தேதிய அழிச்சிட்டு வேற எழுதணுமா மாமா? இல்ல அழிச்சா மட்டும் போதுமா?" "இரும்மா, அவன கேட்டுச் சொல்றேன்" என்று துணியைக் கையிலிருந்து வாங்கிவைத்தேன். அவள் அழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைத் துடைக்கவும் இல்லை. மற்ற கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, எண்ணுக்குப் பின்னால் மட்டும் பச்சை ஏறிக்கொண்டு வருகிறது. இன்று காலை மாதத்தைப் படிக்க முடிந்தது, தேதி எண்ணைப் படிக்க மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருந்தது.

தகடு என் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் நான் கை வைக்க மாட்டேன். வந்து நீ துடை.

உன்
நைனா